தீவகத்து வாசிகசாலைகள்: ஒரு வரலாற்று நோக்கு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே பழைய தமிழ்க் கல்வெட்டொன்று உள்ளது. பொலனறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153–1186) பிறப்பித்த கட்டளையை அது கூறுகின்றது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்க வேண்டும் என்பதும், யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கும் எஞ்சியது உரியவனுக்கும் சேரும் என்பதும், ஏனைய சரக்காயின் பாதிக்குப் பாதியாகப் பிரியும் என்பதும் அதன் செய்திகளாம். சிங்கள மன்னனொருவன் இக்கட்டளையைத் தமிழிலே பொறிப்பித்தமைக்குக் காரணம் வெளிப்படை. துறையிலே கூடுவோர் அதனை வாசித்தோ வாசிக்கக் கேட்டோ விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆகவே தீவகத்தில் எழுத்து என்பது எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே பொது இடத்திற் பொதுமக்களுக்காக வைக்கப்பட்ட பொருளாய் இருந்ததெனலாம்.

யாழ்ப்பாணத்துத் தீவுக்கூட்டத்தின் வரலாற்றை எழுதியோர் கோயில்களையும் கோட்டைகளையும் துறைகளையும் பற்றி விரிவாகக் கூறியுள்ளனர். அத்தீவுகளின் ஊர்கள்தோறும் இருபதாம் நூற்றாண்டிலே தோன்றிய வாசிகசாலைகளோ ஓரிரு வரிகளிற் கூறி முடிக்கப்படுவனவாகவே உள. ஓலைக் கொட்டிலிலும் சிறு கற்கட்டடத்திலும் இயங்கிய இவற்றுக்கு வரலாறென ஒன்று உண்டா என்று சிலர் வினவக்கூடும். உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு. வாசிகசாலையை அங்கிருந்த நூல்களின் தொகையால் அளத்தல் பொருந்தாது. ஓர் ஊர் தானே கூடித் தனக்கென அமைத்துக்கொண்ட பொதுவெளியாகவே அதனைக் காணல் வேண்டும். அதன் பெருமையும் குறையும் வீழ்ச்சியும் அவ்வியல்பிலிருந்தே பிறந்தன.

முன்னைய மரபு

அச்சு நூல் ஊர்களுக்கு வருமுன்னரே கூடியிருந்து வாசிக்கும் வழக்கம் நம்மிடையே நிலவிற்று. கோயில்களிலே நடைபெறும் புராணபடனம் அதற்குச் சிறந்த சான்று. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் சூழ்ந்திருந்து கேட்பர். எழுத்தறியாதவரும் இவ்வாறு நூலறிவு பெற்றனர். யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராணக் கலாசாரம் எனக் குறித்தமைக்கு இவ்வழக்கமே அடிப்படையாகும். இதனோடு திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இருந்தன. ஒல்லாந்தர் காலத்திலே கோயிற்பற்றுகள்தோறும் அமைந்த பள்ளிக்கூடங்களும், ஆங்கிலேயர் காலத்திலே கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து மிசனரிமாரும் சைவப் பெரியோரும் நிறுவிய பாடசாலைகளும் பின்னர் வந்தன. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி போன்றவை இவ்வழியில் எழுந்தவை.

எனினும் இவ்விரு மரபுகளுக்கும் எல்லைகள் இருந்தன. புராணபடனம் கோயிலுக்கு உள்ளே நிகழ்ந்தது. ஆதலின் கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதோர் அதற்கும் புறத்தேயே நின்றனர். பாடசாலையோ பிள்ளைகளுக்கு உரியது. படிப்பை இடையில் நிறுத்திய இளைஞனுக்கும், தோணியிலும் தோட்டத்திலும் உழைத்த பெரியவர்க்கும் அங்கே இடமில்லை. கோயிலுமன்றிப் பாடசாலையுமன்றி மூன்றாவதாக ஓரிடம் வேண்டப்பட்டது. அவ்விடத்தையே வாசிகசாலை நிரப்பிற்று.

தோற்றமும் பரவலும்

வாசிகசாலை பரவுதற்கு முதற் காரணம் பத்திரிகையாகும். 1841 இல் உதயதாரகையும், 1876 இல் கத்தோலிக்க பாதுகாவலனும், 1889 இல் இந்து சாதனமும் யாழ்ப்பாணத்திற் பிறந்தன. எனினும் நாளாந்தச் செய்தியை ஊர்வரை கொண்டுவந்தவை பிற்காலத்தவையே. 1930 இல் வீரகேசரியும் ஈழகேசரியும், 1932 இல் தினகரனும் தோன்றின. 1959 முதல் ஈழநாடு யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவரலாயிற்று. ஒருவர் தனித்து வாங்கத் தயங்கும் பத்திரிகையைப் பலர் கூடி வாங்குவது எளிது. இந்தச் சிறு கணக்கிலிருந்தே பல வாசிகசாலைகள் முளைத்தன எனின் மிகையாகாது.

இரண்டாவது காரணம் அக்காலத்து வாலிபர் எழுச்சி. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம், சாதியெதிர்ப்பு, தாய்மொழிக் கல்வி, நாட்டு விடுதலை ஆகிய கருத்துகளை இளைஞரிடையே விதைத்தது. ஊர்தோறும் சங்கம் அமைத்தல், கூட்டம் நடத்துதல், அறிக்கை வாசித்தல் என்பன இளைஞர்க்குப் பழக்கமாயின. 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலே தொடங்கிய நூலக முயற்சி, 1934 இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றிலே 844 நூல்களோடு பொது நூலகமாக மலர்ந்தது. அது 1935 இல் நகர சபையின் பொறுப்பில் வந்தது. நகரிலே நிகழ்ந்த இம்முயற்சி ஊர்களுக்கும் ஊக்கமளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது காரணம் தீவகத்துக்கே சிறப்பாக உரியது. நீர்வளமும் நிலவளமும் குறைந்த தீவுகளின் ஆடவர் பலர் வணிகத்தை நாடிக் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்றனர். புங்குடுதீவார், வேலணையார், நயினாதீவார் நடத்திய கடைகள் பெயர்பெற்றவை. கடையிலே நின்றவன் ஊருக்கு அனுப்பிய பணத்தோடு ஊர்ப்பற்றும் சேர்ந்து வந்தது. கோயிற் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் கொடுத்த கையே வாசிகசாலைக்கும் கொடுத்தது. ஊரை விட்டுச் சென்றோரின் பொருளால் ஊரின் அறிவு வளர்ந்தது என்னும் இவ்வுண்மை, பின்னர் நாம் காணப்போகும் இன்றைய நிலைமைக்கும் பொருந்துவதாகும்.

இவற்றோடு அரசியல் மாற்றங்களும் துணைநின்றன. வேலணையிற் பிறந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையின் சபாநாயகராய் விளங்கினார். வேலணை மத்திய கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் எழுத்தறிந்த இளைஞர் தொகை பெருகிற்று. உள்ளூராட்சி மன்றங்கள் வாசிகசாலைகளைச் சனசமூக நிலையங்கள் என்ற பெயரிற் பதிவுசெய்து, பத்திரிகைக்கும் தளபாடத்துக்கும் சிறு உதவி வழங்கலாயின. வாசிகசாலை என்னும் பழம்பெயர் பேச்சிலும், சனசமூக நிலையம் என்னும் புதுப்பெயர் பலகையிலும் நிலைத்தன. பெயர் மாற்றம் பணியின் விரிவையும் காட்டுகின்றது. வாசிப்பதற்கான சாலையாய்த் தொடங்கியது சமூகத்தின் நிலையமாய் வளர்ந்தது.

நிலையங்களின் பணி

ஒரு நிலையத்தின் உடைமையைக் கணக்கிட அதிக நேரம் வேண்டியதில்லை. நீண்ட மேசை ஒன்று, இரண்டு மூன்று வாங்குகள், கண்ணாடி அலுமாரி ஒன்று, சுவரிலே காந்தியடிகள், பாரதியார், திருவள்ளுவர் முதலியோரின் படங்கள், இவ்வளவே. ஆயினும் அம்மேசையைச் சுற்றி நிகழ்ந்தவை பல.

காலையும் மாலையும் பத்திரிகை வாசித்தல் முதற் பணி. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் பத்திரிகை கடல் கடந்தே செல்லல் வேண்டும். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகும் இல்லை, பத்திரிகையும் இல்லை. ஆதலின் வந்த பத்திரிகை ஒரு வரியும் விடாமல் வாசிக்கப்பட்டது. கண்பார்வை குறைந்தவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் இளைஞரொருவர் உரத்து வாசிப்பார், மற்றவர் கருத்துரைப்பர், விவாதம் எழும். புராணபடனத்தில் வாசிப்பவரும் பயன் சொல்பவரும் இருந்தமை போல, இங்கும் இருவர் இருந்தனர். பொருள் மாத்திரம் புராணத்திலிருந்து உலக நடப்புக்கு மாறிற்று.

கல்விப் பணி அடுத்தது. மாலை வேளைகளில் இலவச வகுப்புகளும், பகலிற் பாலர் வகுப்புகளும் பல நிலையங்களில் நடைபெற்றன. வீட்டிலே மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஒதுக்கிடமின்றிப் படித்த பிள்ளைக்கு, நிலையத்தின் மேசையும் பெற்றோல்மக்ஸ் வெளிச்சமும் பெருங்கொடையாயின. 1970களிலே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் பின்னர் மாவட்ட அடிப்படையிலான ஒதுக்கீடும் புகுத்தப்பட்டபோது தீவக மாணவரின் நிலை இரட்டிப்பாக இடர்ப்பட்டது. விஞ்ஞானகூட வசதியும் ஆசிரியர் வசதியும் குறைந்த நெடுந்தீவு மாணவன், வசதிமிக்க யாழ்நகர்க் கல்லூரி மாணவனோடு ஒரே மாவட்டப் பட்டியலிலே போட்டியிட நேர்ந்தது. வசதியுடையோர் பிள்ளைகளை நகரத்து விடுதிகளுக்கு அனுப்பினர். ஏனையோர்க்கு ஊர்ப் பாடசாலையும், விடுமுறையில் ஊருக்கு வந்த பல்கலைக்கழக மாணவர் சனசமூக நிலையத்திற் கற்பித்த வகுப்புமே கதி. கற்றவன் கல்லாதவனுக்குக் கடன்பட்டவன் என்னும் உணர்வு அங்கே நடைமுறையாயிற்று.

மூன்றாவது, கலைப் பணி. ஆண்டு விழா, வாணி விழா, பொங்கல் விளையாட்டுப் போட்டி, பட்டிமன்றம், கவியரங்கம், நாடகம் ஆகியவை நிலையத்தின் பெயராலேயே நடந்தன. ஊர்காவற்றுறைப் பகுதிக் கத்தோலிக்க ஊர்களிலே நாட்டுக்கூத்து மரபு வலுவாக இருந்தது. கூத்துப் பழகுதற்கு மாதக்கணக்காக ஊரார் இரவிற் கூடுவர். அண்ணாவியார், ஆடுவோர், ஒப்பனை செய்வோர், பந்தலிடுவோர் என ஒவ்வொருவர்க்கும் பணியுண்டு. நூலகமும் அரங்கமும் வேறு வேறு எனக் கருதுவது நகரத்து வழக்கம். தீவகத்திலோ அலுமாரிக்கு முன்னே உள்ள வெளியே அரங்கமாயிற்று. நூலை எடுக்க வராதவனும் நாடகம் பார்க்க வந்தான். நாடகம் பார்க்க வந்தவன் மறுநாள் நூல் கேட்டு வந்தான்.

இம்மண்ணிற் பிறந்தோரின் ஆக்கங்களை இச்சூழலோடு இணைத்து நோக்குதல் தகும். ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பனிலே 1913 இற் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952 இல் தமிழ்ப் பண்பாட்டுக்கென ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கி, 1964 இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். வேலணையிற் பிறந்த கா. பொ. இரத்தினம் தமிழறிஞராயும் ஊர்காவற்றுறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராயும் திகழ்ந்தார். புங்குடுதீவு மு. தளையசிங்கத்தையும் மு. பொன்னம்பலத்தையும் சு. வில்வரத்தினத்தையும் ஈழத்து இலக்கியத்துக்கு அளித்தது. இவர்களை வாசிகசாலைதான் உருவாக்கிற்று என்று கூறல் பொருந்தாது. வாசிப்பை மதித்த சமூகமொன்றே வாசிகசாலையையும் எழுத்தாளரையும் ஒருங்கே தோற்றுவித்தது எனல் பொருந்தும்.

வாயில் யாருக்குத் திறந்தது?

புகழ்ந்துரைத்தல் மட்டும் வரலாறாகாது. பொது நிலையம் எனப் பலகையில் எழுதியமையால் அது அனைவர்க்கும் பொதுவாகிவிடவில்லை. யாழ்ப்பாணத்து ஊர்கள் குறிச்சிகளாகப் பிரிந்தவை. குறிச்சிகள் பெரும்பாலும் சாதிவழி அமைந்தவை. குறிச்சிக்கொரு நிலையம் எழுந்தபோது அது சாதிக்கொரு நிலையமாகவும் பல இடங்களில் அமைந்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதிபற்றிப் பொது இடங்களிற் தடைசெய்தலைக் குற்றமாக்கிற்று. ஆயினும் சட்டப் புத்தகத்திலிருந்து கிணற்றடிக்கு வர அச்சட்டத்துக்கு நெடுங்காலம் எடுத்தது. 1971 இலே புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றிலே தண்ணீர் அள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் போராடித் துன்புறுத்தப்பட்டார். 1973 இல் அவர் மறைந்தார். குடிநீருக்கே போராட வேண்டியிருந்த ஊரிலே ஒரே வாங்கில் அமர்ந்து பத்திரிகை வாசித்தல் எளிதாய் நிகழ்ந்திராது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கெனத் தாமே அமைத்த நிலையங்கள் அவர்தம் விழிப்புணர்ச்சியின் கருவிகளாயின. மனு எழுதவும், கூட்டம் கூட்டவும், பிள்ளைகளைப் படிப்பிக்கவும் அவை பயன்பட்டன. புறத்தே நிறுத்தப்பட்டவர் தம் கையாலே ஒரு வாயிலைக் கட்டித் திறந்தமை தீவக வாசிகசாலை வரலாற்றின் மதிக்கத்தக்க பகுதியாகும்.

பெண்களின் நிலையும் நோக்கற்பாலது. மாலை வேளை நிலையம் ஆடவர் கூடுமிடமாகவே இருந்தது. பெண்கள் தம்பியரையோ பிள்ளைகளையோ அனுப்பி நூல் எடுப்பித்து வீட்டிலிருந்து வாசித்தனர். பாலர் வகுப்பும் மாதர் சங்கமும் நிலையங்களோடு சேர்ந்த பின்னரே பெண்கள் ஆசிரியராயும் அமைப்பாளராயும் உள்ளே வந்தனர்.

அயல் இயக்கங்களோடு ஒப்பு

நம் அயலிலே இதே காலத்தில் இரு முயற்சிகள் நிகழ்ந்தன. சென்னை மாகாணம் 1948 இலே பொது நூலகச் சட்டத்தை இயற்றி, நூலக வரி விதித்து, நூலகங்களுக்கு நிலையான வருவாய் கிடைக்க வழிசெய்தது. அதற்கு வழிகாட்டியவர் எஸ். ஆர். இரங்கநாதன். நூலகத்தை வளரும் உயிரென்று கருதிய அவ்வறிஞரே பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைத்தற்கும் ஆலோசனை வழங்கினார். கேரளத்திலோ 1945 இலே பி. என். பணிக்கர் 47 கிராம நூலகங்களை ஒரு சங்கமாக இணைத்தார். அச்சங்கம் வளர்ந்து எழுத்தறிவு இயக்கத்துக்கே முதுகெலும்பாயிற்று.

முன்னதன் பலம் சட்டம். பின்னதன் பலம் கூட்டமைப்பு. தீவகத்து நிலையங்களின் பலமோ ஊர்ப்பற்று ஒன்றே. எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் ஊரார் தாமே அமைத்தமையால் அவை விரைந்து பரவின. அதே காரணத்தால் ஒவ்வொன்றும் தனித்து நின்றது. நெடுந்தீவு நிலையத்தில் உள்ள நூலை ஊர்காவற்றுறை வாசகன் அறிந்து பெறுதற்கு வழியில்லை. ஒரு நிலையத்தின் நூற்பட்டியல் அந்நிலையத்தின் அலுமாரியிலேயே இருந்தது. அலுமாரி அழிந்தபோது பட்டியலும் அழிந்தது. ஊரே தூணாய் இருந்த நிறுவனம் ஊர் பெயர்ந்தபோது எதனைப் பற்றி நிற்கும்?

அழிவு

1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அந்நாட்களிலே எரிந்தது. அவ்விழப்பை உலகம் அறியும். தொகை சொல்லி இரங்குகின்றோம். தீவகத்து நிலையங்களின் இழப்போ தொகையின்றி நிகழ்ந்தது.

1983 இன் வன்செயல் தென்னிலங்கையிலே தீவக வணிகர் பலரின் கடைகளை அழித்தது. நிலையங்களைத் தாங்கிய பொருள்வளம் அதனோடு குன்றிற்று. 1985 மே 15 இலே நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பத்திரிகையும் நூலும் மாணவரும் சென்றுவந்த கடல்வழி அச்சத்தின் வழியாயிற்று. 1990 இலும் 1991 இலும் இடம்பெற்ற படை நடவடிக்கைகளின்போது மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்களிற் பெரும்பாலோர் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் பின்னர் கடல் கடந்தும் பெயர்ந்தனர். வீட்டுச் சாவியை எடுத்துச் சென்றோர் உளர். நிலையத்தின் நூல்களை எடுத்துச் செல்ல எவராலும் இயலவில்லை. கூரை விழுந்தது, மழை நனைத்தது, கறையான் எஞ்சியதை முடித்தது. மக்கள் நீங்கிய ஊரின் அவலத்தை சு. வில்வரத்தினம் காற்றுவெளிக் கிராமம் என்னும் கவிதைத் தொகுதியிலே நிலைபெறச் செய்தார்.

இன்றைய நிலையும் கடமையும்

போர் 2009 இல் முடிவுற்றபின் கட்டடங்கள் மீண்டும் எழுந்துள்ளன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழும் தீவக மக்கள் ஊர்ச் சங்கங்களின் வாயிலாகப் பொருள் அனுப்புகின்றனர். அன்று கொழும்புக் கடை செய்த பணியை இன்று புலம்பெயர்ந்தோர் செய்கின்றனர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கொழும்பு சென்றவன் சித்திரைக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்பினான்; அவன் குடும்பம் ஊரிலேயே இருந்தது; அவன் கொடுத்த நூலை அவன் பிள்ளை வாசித்தது. இன்று கொடுப்போர் குடும்பத்தோடு அப்பால் உளர். ஊரிலோ மக்கள் தொகை முன்னிருந்ததிற் சிறு பங்கே. நெடுந்தீவில் ஏறத்தாழ 4,000 பேரே வாழ்கின்றனர். பளிங்குத் தரையிட்ட மண்டபத்தில் வாசகர் இருவர் மூவரே இருப்பின், அது நினைவுச் சின்னமாகுமேயன்றி நூலகமாகாது.

ஆதலின் கடமை மூவகைப்படும். முதலாவது, வரலாற்றைச் சேகரித்தல். நிலையங்களின் ஆண்டு விழா மலர்கள், கூட்ட அறிக்கைக் கொப்பிகள், நினைவு மலர்கள், கையெழுத்துச் சஞ்சிகைகள் ஆகியன எஞ்சிய வீடுகளிலும் வெளிநாட்டுப் பெட்டிகளிலும் உள. 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அவற்றை ஒப்படைத்தல் எளிய பணி. பல்கலைக்கழக மாணவராகிய நாம் விடுமுறைக் காலத்திற் செய்யக்கூடிய வரலாற்றாய்வும் இதுவே.

இரண்டாவது, இணைத்தல். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய நான்கு பிரதேச சபைகளின் நூலகங்களும் ஊர் நிலையங்களும் பொதுவான நூற்பட்டியல் ஒன்றைக் கொள்ளுமாயின் நூல் கைமாறும். மேற்கு நோர்வேயின் கடலோர ஊர்களுக்கு 1959 முதல் 2020 வரை நூல்களை ஏற்றிச் சென்ற படகொன்று, நூல்களோடு சிறுவர்க்கான கலை நிகழ்ச்சியையும் துறைதோறும் கொண்டு சென்றது. குறிகட்டுவானிலிருந்து அன்றாடம் படகு செல்லும் நமக்குத் தனிக்கப்பலும் வேண்டியதில்லை. மாதமொருமுறை இரு பெட்டி நூலும் ஒரு நாடகக் குழுவும் ஏறுதற்கு இடமிருந்தாற் போதும்.

மூன்றாவது, வாயிலை அகலத் திறத்தல். பழைய நிலையங்களைப் புதுப்பிப்போர் பழைய பிரிவுகளையும் உடன் புதுப்பித்தலாகாது. மக்கள் குறைந்த ஊரிலே குறிச்சிக்கொரு நிலையம் தேவையுமில்லை, தகுதியுமில்லை. எல்லாக் குறிச்சிப் பிள்ளைகளும் ஒரே மேசையிற் படிக்கும் ஒரு நிலையம், ஒன்றுக்கொன்று முகம் பாராத ஐந்து நிலையங்களினும் மேலானது.

நயினாதீவுக் கல்வெட்டை வெட்டுவித்தவன் துறைக்கு வருவோர் அனைவரையும் மனங்கொண்டான். இன்னார் வாசிக்கலாம், இன்னார் வாசிக்கலாகாது என்று அவன் வரையறுக்கவில்லை. தீவகத்து வாசிகசாலைகள் அந்நிலையை எய்தும் நாளே அவற்றின் வரலாறு முழுமை பெறும் நாளாகும்.